குங்கிலிய மரத்தடி மண்

ஏழுமடைச் சோலையில் ஓர் இருவாச்சித் தம்பதி குடியிருந்தது. ஆண் பறவையின் பெயர் செங்கண்ணன். பெண் பறவையின் பெயர் மாராயி. ஓங்கி வளர்ந்த ஒரு குங்கிலிய மரத்தின் பொந்துதான் அவர்கள் வீடு.

இருவாச்சிகளின் குடித்தனம் ஒரு தினுசானது. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சேற்றையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துவிடும். அலகை நீட்டும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளே போனதும் அதன் சிறகு இறகெல்லாம் உதிர்ந்துபோகும். மூன்று மாதத்துக்குப் பறக்க முடியாது. ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டினால்தான் சாப்பாடு. சாப்பாடு நின்றுபோனால் உள்ளே இருப்பவளும் பிழைக்க மாட்டாள், குஞ்சும் பிழைக்காது.

அந்த வருஷம் மாராயி வயிற்றில் முட்டை வளரத் தொடங்கிய சமயம் ஒரு பெருங்காற்று அடித்தது. ஒடிந்து விழுந்த கிளை ஒன்று செங்கண்ணனின் இடது சிறகைப் பதம் பார்த்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. மரத்துக்கு மரம் தத்திப் போகலாம். ஆனால் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய்ச் சாதிக்காயும் நாவலும் கொண்டுவர இந்தப் பருவத்தில் முடியாது. முட்டையோ காத்திருக்காது.

இரண்டு பேரும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் ஒரு கரிச்சான் வந்து சேர்ந்தது.

கரிச்சானைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்தப் பறவையின் குரலிலும் பேசும். வாலில் நீண்ட இரண்டு இறகை ஆட்டிக்கொண்டு, கரகரவென்று இருவாச்சிக் குரலிலேயே வணக்கம் சொன்னது. சொந்தக்காரர் ஒருவர் வந்துவிட்ட மாதிரி செங்கண்ணனுக்கு அப்போதே மனசு இளகிவிட்டது.

கரிச்சான் நடத்தும் தொழிலுக்குக் 'கூவுகனி' என்று பெயர். வீட்டை விட்டு அசைய முடியாதவர்கள் இருந்த இடத்திலிருந்து ஒரு கூவல் கூவினால் போதும். தங்களுக்குத் தெரிந்த பழமரம் எது என்று சொல்லிவிட வேண்டும். ஒரு குரங்கு அங்கே போய்ப் பறிக்கும். கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்து வாசலில் கொடுத்துவிடும். குரங்குக் கன்னத்தில் வந்த பழமா என்று முகம் சுளிக்காதீர்கள், பசித்தவர்கள் யாரும் சுளிக்கவில்லை. பத்துப் பழம் கொண்டுவந்தால் அதில் இரண்டு குரங்குக்கு. பத்துச் சோலைகளில் இந்தத் தொழில் நடக்கிறது என்றும், ஏழுமடையில் மட்டும் இன்னும் ஒரு கிளை திறக்கவில்லை என்றும், அதைச் செங்கண்ணனுக்கே கொடுக்க வந்திருப்பதாகவும் கரிச்சான் சொன்னது.

"நீங்க எங்கயும் பறக்க வேணாம்ணே. உட்கார்ந்த இடத்துல கூவலைக் கேட்டுக் குரங்குகளுக்குச் சொல்லுங்க. உங்க வீட்டுச் சாப்பாடு எங்க பொறுப்பு."

"நான் என்ன தரணும்?" என்று கேட்டது செங்கண்ணன்.

அதிகமில்லை, ஒரே ஒரு மரம்தான் என்றது கரிச்சான். குங்கிலிய மரத்துக்கு மூன்றாவது மரமாக ஓர் அத்தி நின்றது. செங்கண்ணனின் அப்பா காலத்திலிருந்து அவர்கள் காத்துவரும் மரம். வருஷத்தில் ஒரே வாரம் பழுக்கும், ஆனால் கிளை தெரியாமல் பழுக்கும். அதைக் குரங்குகளுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி விட்டுவிட வேண்டும். மற்றச் சோலைகளில் மூன்று மரம், நான்கு மரம் கேட்பதாகவும், இது மலிவு விலைத் திட்டம் என்றும் சொன்னது. இன்னொரு நிபந்தனையும் இருந்தது. கிளை எடுத்தவர் கூவல் கேட்கும் இடத்தை விட்டு நகரக் கூடாது. கூவல் வந்த நேரம் ஆள் இல்லையென்றால் கிளை போய்விடும்.

செங்கண்ணன் தலையாட்டத் தயாராகிவிட்டது. சிறகொடிந்த நேரத்தில் சாப்பாடு வாசலுக்கு வருகிறது என்றால் யார்தான் ஆட்ட மாட்டார்கள்?

அப்போது மாராயி கரிச்சானைப் பார்த்துக் கேட்டது.

"என்னை மாதிரி அடைஞ்சு கிடக்கிற பொம்பளை யாருக்காவது நீங்க சாப்பாடு கொடுக்கிறீங்களா தம்பி?"

கொடுக்காமலா என்றது கரிச்சான். குளிர்பாறைச் சோலையில் பேச்சி என்ற இருவாச்சி இரண்டு மாதமாக அடைந்திருக்கிறாள், அவள் வீட்டுக்காரர்தான் அங்கே கிளை நடத்துகிறார். அவள் மட்டுமா, பத்துச் சோலையிலும் நூறு பேர் கூவுகனியைப் புகழ்ந்து கூவியிருக்கிறார்கள். உடனே அந்த நூறு பேர் குரலிலும் ஒவ்வொரு புகழ்ச்சியாகக் கூவிக் காட்டத் தொடங்கிவிட்டது. பதினேழாவது குரலில் மாராயி போதும் என்று நிறுத்தியது. நாளை மறுநாள் பதில் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவைத்தது.

குளிர்பாறைக்குத் தானே போய்ப் பார்த்துவிட்டு வருவதாக மாராயி சொன்னதும் செங்கண்ணன் பதறிப்போனது. அரை நாள் பறக்க வேண்டும். வயிற்றில் முட்டையை வைத்துக்கொண்டு இந்த அலைச்சல் எதற்கு, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கெஞ்சியது.

"உள்ள போய் அடைச்சுக்கிட்டா அப்புறம் பார்க்க முடியாதுங்க. பார்க்கிறதுன்னா இப்பதான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு மாராயி கிளம்பிவிட்டது.

எனக்கு மாராயியை மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். பயம் இல்லாமல் இல்லை. பயந்துகொண்டேதான் பறந்தது. வழியில் நான்கு இடத்தில் இறங்கி மூச்சு வாங்கியது. ஆனாலும் திரும்பவில்லை.

குளிர்பாறைச் சோலை மலையின் தாழ்வில் இருந்தது. அங்கே பருவம் எல்லாமே இரண்டு மாதம் முந்தி வரும். பேச்சி அடைந்திருந்த மரத்தைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பக்கத்து மரத்தின் உச்சியில் அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கூவல் கேட்பதும் குரங்குகளைக் கூப்பிட்டுச் சொல்வதுமாக அவருக்கு நிற்க நேரமில்லை. மாராயியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

மாராயி கீறலுக்கு முன்னால் போய் நின்று, தான் யார், வந்த காரியம் என்ன என்பதையெல்லாம் சொல்லி, கூவுகனிச் சாப்பாடு எப்படி என்று கேட்டது. உள்ளேயிருந்து பேச்சி, எல்லாம் நன்றாக இருக்கிறது, நேரத்துக்கு வருகிறது, ஒரு குறையும் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நூற்றோராவது புகழ்ச்சி கிடைத்தாயிற்று. வேறு யாராக இருந்தாலும் அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்.

மாராயி மரத்தடிக்கு இறங்கியது.

இருவாச்சிகள் தரையில் கால் வைப்பது அபூர்வம். உச்சிக் கிளையிலேயே பிறந்து உச்சிக் கிளையிலேயே வாழ்ந்து முடிக்கிற சாதி. தரையில் நடக்கத் தெரியாமல் மாராயி தத்தித் தத்திப் போனதைப் பார்த்து ஒரு கீரிப்பிள்ளை நின்று வேடிக்கை பார்த்தது. மாராயி அதைக் கண்டுகொள்ளவில்லை.

அடைந்திருக்கும் இருவாச்சி சாப்பிட்ட பழத்தின் கொட்டையெல்லாம் எங்கே போகும்? கீறல் வழியாகக் கக்கினாலும் எச்சமிட்டாலும் நேரே மரத்தடியில்தான் விழும். முதல் நாள் சாப்பிட்டது அடியில் கிடக்கும். நேற்றுச் சாப்பிட்டது மேலே கிடக்கும். எந்தப் பழத்துக்குப் பின் எந்தப் பழம் பழுக்கும் என்பது மாராயிக்கு மனப்பாடம். முதலில் சாதிக்காய், அது முடிந்ததும் அத்தி, அதன்பின் நாவல்.

மாராயி அலகால் மண்ணைக் கிளறியது. மேலே நாவல் கொட்டைகள் நிறையக் கிடந்தன. அடியில் சாதிக்காய்க் கொட்டைகள் நிறையக் கிடந்தன, சில முளைத்து இரண்டு இலை விட்டிருந்தன. ஒரு நாள்கூடத் தவறாமல் வந்திருக்கிறது என்று சொல்லும்படி அத்தனை நெருக்கம். கரிச்சான் பொய் சொல்லவில்லை என்று மாராயிக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

ஆனால் இரண்டுக்கும் நடுவே வெறும் சருகு. அத்தி விதை கேழ்வரகு போலப் பொடியாக இருக்கும். பழம் தின்றிருந்தால் அந்தச் சருகில் அப்பிக் கிடக்க வேண்டும். மாராயி ஒவ்வொரு சருகாகப் புரட்டிப் பார்த்தது. துடைத்து வைத்த மாதிரி இருந்தன.

அத்தி இந்த வருஷம் பழுக்கவில்லையோ என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தது. கூப்பிடு தூரத்திலேயே ஓர் அத்தி மரம் நின்றது. அதன் அடியில் கடித்துத் துப்பிய பழத்தோல் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது. சேற்றில் பூராவும் குரங்குக் காலடி. அத்தி பழுத்திருக்கிறது, நன்றாகவே பழுத்திருக்கிறது. இத்தனை பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு பழம் வரவில்லை.

மாராயி மறுபடி மேலே பறந்து, கீறலில் வாயை வைத்து மெதுவாகக் கேட்டது.

"அத்தி வாரத்துல என்ன சாப்பிட்டே பேச்சி?"

பேச்சி கீறலுக்குக் கிட்டே அலகைக் கொண்டுவந்து சொன்னாள்.

"வாசல் அடைச்ச மண்ணைக் கொத்தித் தின்னேன் அக்கா."

அதன்பின் எல்லாவற்றையும் சொன்னாள். கிளைக்காகக் கொடுத்த மரங்களில் அந்த அத்தியும் ஒன்று. அது பழுத்ததும் குரங்குகள் எல்லாம் அதில் ஏறிவிட்டன. பத்துக்கு இரண்டு கிடைக்கும் என்றுதான் அவை சுமந்தன, மரமே கிடைத்த பிறகு சுமக்க என்ன தலையெழுத்து? வீட்டுக்காரர் எழுந்துபோய் ஒரு பழம் பறிக்கலாம் என்றால் மரம் இப்போது அவருடையது இல்லை. வேறு மரம் தேடிப் போனால் கிளை போய்விடும், நாவல் வரும்போது கொண்டுவர ஆள் இருக்காது. குரங்குகள் தின்னும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஆறு நாள் பசியோடு கிடந்திருக்கிறாள். அத்தி தீர்ந்த மறுநாள் குரங்குகள் ஒன்றும் நடக்காத மாதிரி கன்னம் நிறைய நாவல் பழத்தோடு வந்து நின்றன. குஞ்சு பிழைத்துவிட்டது, ஆனால் இன்னும் தேறவில்லை.

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று மாராயி கேட்டது.

"அவங்க கொண்டுவந்தாத்தானே நான் சாப்பிடணும்? குறை சொன்னா நாளைக்கு யாரு வருவா?"

மாராயி மறுபடி கீழே இறங்கியது. நடுவில் கிடந்த அந்தச் சருகில் ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு வீட்டுக்குப் பறந்தது.

சொன்ன நாளில் கரிச்சான் வந்தது. மாராயி அந்தச் சருகை அதன் முன்னால் வைத்தது.

"இது என்ன அக்கா?"

"பேச்சியோட அத்தி வாரம்."

கரிச்சானுக்கு விளங்கவில்லை. மாராயி தான் கண்டதையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னது. கோபமாகச் சொல்லவில்லை. சாதிக்காய்க் காலத்திலும் நாவல் காலத்திலும் ஒரு நாள்கூடத் தவறாமல் கொண்டுவந்ததை முதலில் பாராட்டியது. எந்த இருவாச்சிக்கும் இப்படி ஒரு தொழிலை யோசிக்கத் தோன்றியதில்லை என்றது. அதன்பின் ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"எல்லாக் குரங்குக்கும் வயிறு நிறைஞ்ச நாள்ல யாரு தம்பி சுமப்பா?"

அத்தி வாரத்தில் எல்லாச் சோலையிலும் கூவல் கூடுவதைக் கரிச்சான் கவனித்திருந்தது. வியாபாரம் சூடு பிடிக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்தது. பசித்தவர்கள் திரும்பத் திரும்பக் கூவியிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது. அது பேசியபோது இருவாச்சிக் குரலும் இல்லை, மைனாக் குரலும் இல்லை. அதன் சொந்தக் குரல் சின்னதாக இருந்தது.

"நான் கூவலைத்தான் கேட்டேன் அக்கா. கீழ இறங்கிப் பார்த்ததே இல்ல."

மாராயி தன் நிபந்தனைகளைச் சொன்னது. அத்தி மரத்தைக் கொடுக்க மாட்டோம். அது பழுக்கும் வாரத்தில் குரங்குகள் மற்ற அத்தி மரங்களில் ஏறிவிடும், சுமக்க வராது, அப்போது மூன்று மரம் தத்தி வந்து செங்கண்ணனே ஊட்டிவிடுவார், அதற்கு ஒடிந்த சிறகு போதும். ஆகவே அந்த ஒரு வாரம் அவர் இடத்தை விட்டு நகரலாம். மற்ற வாரங்களில் பள்ளத்தாக்கைத் தாண்டிக் குரங்குகள் கொண்டுவரட்டும், அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். கிளைக்கு விலையாக, இரண்டு மலைக்குக் கேட்கும் செங்கண்ணனின் குரலை வைத்துக்கொள்ளலாம். அடுத்த சோலைக் கூவலையும் சேர்த்தே வாங்கிச் சொல்லுவார்.

இதுவரைக்கும் நியாயம் என்று கரிச்சான் ஒப்புக்கொண்டது. ஆனால் மாராயி இன்னும் முடிக்கவில்லை. பேச்சியின் அத்தி மரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது நடந்த பிறகுதான் பொந்துக்குள் போவேன் என்றது.

செங்கண்ணன் குறுக்கிட்டது. முட்டையிட இன்னும் இரண்டு நாள்தான் இருக்கும். ஊரான் வீட்டு மரத்துக்காக நம் குஞ்சைப் பணயம் வைக்கலாமா என்று கேட்டது. கரிச்சானும் குரங்குகளிடம் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது எளிதில்லை என்று இழுத்தது.

"அவளுக்குச் செய்ய மாட்டாதவங்க எனக்கு மட்டும் செஞ்சிருவாங்களா? நான் உள்ள போயிட்டா எனக்கும் அவ வாய்தாங்க. குறை சொல்ல வராது. வெளிய இருக்கிறப்பவே கேட்டாத்தான் உண்டு" என்றது மாராயி.

கரிச்சான் பறந்து போனது. ஒரு நாள் கழிந்தது. மாராயி வாசலடைக்கச் சேற்றைக் குழைத்து வைத்துவிட்டு வெளியே காத்திருந்தது. செங்கண்ணன் வானத்தையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தது. இரண்டாம் நாளும் பாதி கழிந்தது. குழைத்த சேறு காய்ந்துபோய் மறுபடி குழைக்க வேண்டியதாயிற்று.

மத்தியானம் கரிச்சான் வந்து சேர்ந்தது. வாலிறகில் ஒன்று பாதி இல்லை. குரங்குகளோடு நடந்த பேச்சுவார்த்தையில் அது போய்விட்டதாம். தானே தரையில் இறங்கிப் பேச்சியின் மரத்தடியைக் கிளறிப் பார்த்ததாகவும், அந்தச் சருகுகளைப் பார்த்த பிறகு குரங்குகளிடம் கேட்கக் கூச்சமே வரவில்லை என்றும் சொன்னது. பேச்சியின் வீட்டுக்காரர் இப்போது தன் அத்தி மரத்தில்தான் உட்கார்ந்து கூவல் கேட்கிறார். நம்ப வேண்டும் என்பதற்காக அவர் குரலிலேயே நன்றி சொல்லிக் காட்டியது. மாராயி சிரித்துக்கொண்டே, குரல் வேண்டாம், வாலே போதும் என்று சொல்லிவிட்டுப் பொந்துக்குள் நுழைந்தது. அன்று சாயங்காலமே முட்டையிட்டது.

சாதிக்காய்க் காலத்தில் குரங்குகள் கன்னம் புடைக்க வந்தன. ஒரு நாள்கூடத் தவறவில்லை. பிறகு மூன்றாவது மரத்தில் அத்தி பழுத்தது. அந்த வாசனை பள்ளத்தாக்கு பூராவும் பரவ, சோலையிலிருந்த மற்ற அத்தி மரங்களும் பழுக்க, மாராயி சொன்ன மாதிரியே குரங்குகள் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. செங்கண்ணன் தன் மரத்தில் பழத்தைக் கொத்தி, ஒரு சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தத்தித் தத்தி வந்து ஊட்டியது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அதே வேலைதான். நொண்டி நொண்டிப் போன அந்த ஆறு நாளும் செங்கண்ணனைப் போலக் கம்பீரமான பறவையை அந்தச் சோலை பார்த்ததில்லை என்பேன். ஏழாம் நாள் நாவல் பழத்தோடு குரங்குகள் வந்தன. செங்கண்ணன் எதுவும் கேட்காமல் விலகி வழிவிட்டது.

மூன்று மாதம் முடிந்து மாராயி வாசலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பின்னாலேயே கொழுகொழுவென்று ஒரு குஞ்சு தலையை நீட்டியது. மாராயி முதலில் செய்த காரியம் கீழே இறங்கி மரத்தடியைப் பார்த்ததுதான். அடியில் சாதிக்காய்க் கன்றுகள், அதன் மேல் கேழ்வரகு கொட்டின மாதிரி அத்தி விதை, அதற்கு மேல் நாவல். நடுவில் ஒரு சருகுகூட வெறுமையாக இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் மாராயிக்கு அழுகை வந்தது.

இப்போதும் அந்தக் கரிச்சான் புதுச் சோலைகளில் கிளை கொடுக்கிறது. பாதி வால்தான், ஆனால் முன்னைவிட அதிகமாகக் கிளைகள். யாருடைய குரலிலும் புகழ்ந்து கூவிக் காட்டுவதை விட்டுவிட்டது. கிளை எடுக்க வருகிறவர்களை நேராக ஏழுமடைக்கு அழைத்து வந்து, குங்கிலிய மரத்தடியில் நிறுத்தி, கிளறிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

ஒரு தொழிலில் இறங்கும் முன் விற்பவரின் பேச்சையும் வாங்கியவரின் புகழ்ச்சியையும் மட்டும் கேட்டு நிற்காமல், அது நடந்த இடத்துக்கே போய்க் குனிந்து பார்ப்பவரே தன்னையும் காப்பாற்றிக்கொண்டு பிறரையும் காப்பாற்றுவார்.